கடலை இல்லாத புளிக்காய்ச்சல்

இன்று காலை சூடான சோற்றில் உம்முடைய புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசைந்தேன். நல்லெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்த அந்த வாசனை கிளம்பியதும், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அவர் வந்திருக்காரா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு தானே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டாள்.

சோற்றில் ஒரு வேர்க்கடலைகூட இல்லை. இத்தனை வருடத்தில் நீர் எனக்குக் கொடுத்த புளிக்காய்ச்சலில் கடலை இல்லாமல் இருந்ததே கிடையாது. ஆனால் இது நீர் எனக்குக் கொடுத்தது இல்லை, உம் மகள் கொடுத்தது. அது எப்படி என் தட்டுக்கு வந்தது என்று உமக்குச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். சொல்லாமல் விட்டால், "பைலை முடிக்காம கட்டி வச்சிட்டீரேவே" என்று அங்கிருந்தே திட்டுவீர்.

டெல்லி லோதி ரோட்டுப் பக்கம் ஒரே கட்டடத்தில் நாம் குப்பை கொட்டிய காலத்தில், நீர் ஊழல் புகார் விசாரிக்கும் விஜிலென்ஸ், நான் சபைக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் பார்லிமென்ட் செக்ஷன். உமக்குத் திருநெல்வேலி, எனக்குக் கும்பகோணம். சாப்பாட்டு நேரத்தில் டப்பாக்களை மாற்றிக்கொள்வதற்கு மேல் நமக்குள் பெரிய ஒட்டு இருந்ததில்லை. ரிட்டையர் ஆனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தரியாகஞ்ச் பழைய புத்தகக் கடையில் தலையணை தடிமனுக்கு ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீரே, அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது.

விக்டோரியா ராணி காலத்து லண்டன். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் பகுதி. ஒரு வருடக் கடைசியில் அடுத்தடுத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அவனுக்கு உலகம் முழுக்கப் பரவிய ஒரு பட்டப்பெயர் உண்டு. நீர் அதை வாயில் எடுக்கவே மாட்டீர். "அந்தப் பேரு வந்த லெட்டரையே ஒரு பத்திரிகைக்காரன்தான் எழுதியிருப்பான்னு அந்தப் போலீசே நம்பியிருக்கு. விக்கிறதுக்கு வச்ச பேர நாம ஏன் சொல்லணும்?" என்பீர். என் மனைவி முதல் நாளே கேட்டாள்: "ரெண்டு கிழவனும் ராமா கிருஷ்ணான்னு இருக்கிற வயசுல கொலைக் கதையா?" நீர் அவளிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "கொலைய யாரு பாக்கா? நாங்க பைலப் பாக்கோம்" என்றீர்.

உண்மையில் நான் கொலையைத்தான் பார்த்தேன். வாரம் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் டாக்டர், அடுத்த வாரம் கப்பலில் வந்தவன், அதற்கடுத்த வாரம் அரண்மனை ஆள். வியாழக்கிழமை தோறும் லோதி ரோட்டு நூலகத்தில் நான் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துவேன். நீர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் அவனை விடுதலை செய்து அனுப்புவீர்.

பெரிய சண்டை அந்தக் குறிப்பைப் பற்றி. கொலைகள் நின்று சில வருடங்கள் கழித்து லண்டன் போலீசின் பெரிய அதிகாரி ஒருவர் எழுதி வைத்தது, மூன்று பேரைச் சந்தேகத்துக்கு உரியவர்களாகச் சொல்வது. நான் அதை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் செக்ஷனில் வளர்ந்தவனுக்கு மேலே இருக்கிற கையெழுத்துதான் வேதம். ஜாயின்ட் செக்ரட்டரி எழுதினால் அது உண்மை, கிளார்க் எழுதினால் அது டிராஃப்ட்.

"கொலை நடக்கிறப்ப இவன் எங்க இருந்தான்?" என்று கேட்டீர்.

"எங்க இருந்தா என்ன ஓய், எல்லாப் பைலும் அவர் மேஜைக்குத்தானே வந்திருக்கும்."

"அவன் அப்பம் போலீஸ்லயே இல்லவே. அதுக்கு அடுத்த வருசம்தான் சேந்திருக்கான். ஒருத்தன டாக்டருங்கான், அந்த ஆளு வக்கீலு. வயசுல பத்து வருசம் தப்பு. சரி, அதை விடும். யாரு கேட்டு எழுதினான்?"

ஒரு பத்திரிகை வேறு எவனையோ கொலைகாரன் என்று எழுதியிருந்தது, அந்தச் சமயத்தில் எழுதியது என்றேன். நீர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இது உம்ம செக்ஷன் சரக்குல்லா. சபையில யாராவது கேட்டா மந்திரி கையில குடுக்கதுக்கு எழுதுன பதில் மாதிரில்லா இருக்கு. கொன்னவன் யாருன்னு சொல்ல எழுதலவே. பேப்பர்காரன் சொன்னவன் இல்லன்னு சொல்ல எழுதிருக்கான். அதுக்கு வேற ஆளு வேணும், மூணு பேரப் போட்டுட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க அப்படிப்பட்ட பதில்களைத் தயாரித்தவன் நான்; எதிரில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு டீக்கடை வரைக்கும் நான் உம்மோடு பேசவில்லை. நீரும் சமாதானம் செய்யவில்லை. சமோசாவில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளி வைத்ததோடு சரி.

உம்முடைய வழி நேர் எதிர். ரோந்து போன கான்ஸ்டபிள் பிரேத விசாரணையில் சத்தியம் செய்து என்ன சொன்னான் என்று பார்ப்பீர். அவன் அங்கே இருந்தான். அந்த வாரமே சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். இருபது வருடம் கழித்து ஓய்வுபெற்ற அதிகாரிகள் எழுதிய நினைவுகளில்தான் எல்லாம் தெரிந்துவிடுகிறது. "நாளாக ஆக மனுசனுக்கு மறக்கணும்லா? இவனுகளுக்குக் கூடிக்கிட்டே போகுது" என்பீர். கொலை நடந்த ராத்திரி ஒரு சுவரில் சாக்பீசில் எழுதியிருந்ததைப் போட்டோ எடுக்கும் முன்னே போலீசாரே அழிக்கச் சொன்னார்களே, அதைப் படித்த அன்று நீர் சாப்பிடவே இல்லை. பார்த்து எழுதிக்கொண்டவர்களின் பிரதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அதற்கு மட்டும் தலையில் அடித்துக்கொண்டீர்.

ஆனால் உமக்கு மிகவும் பிடித்த சாட்சி பேசாத சாட்சி. கொல்லப்பட்ட பெண்களில் ஒருத்தியின் உடையிலும் பைகளிலும் இருந்ததைப் போலீசார் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். சீப்பு, சோப்புத் துண்டுகள், ஒரு தகர டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை. "இதை யாரும் ஒரு கட்சிக்காகச் சொல்லலவே. அவ பையில இருந்தது, எழுதிட்டான். நாளைக்கு டீ போட நெனச்சிருக்கா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர். நானும் அன்று எந்தக் கொலைகாரனையும் கொண்டுவரவில்லை.

இனி உம் விஷயத்துக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் உமக்கும் மகளுக்கும் வந்த சண்டையை நீர் எனக்கு அரைகுறையாகத்தான் சொன்னீர். மயூர் விஹார் வீட்டில் தனியாக இருக்க வேண்டாம், குர்காவ்னில் என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். நீர் முடியாது என்றிருக்கிறீர். "விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்று அவள் கத்த, "விழுந்தா உன்னக் கூப்பிட மாட்டேன், போ" என்று நீர் சொல்லிவிட்டீர். அதற்குப்பிறகு போன் இல்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு.

நீர் விழுந்ததும் ஒரு வியாழக்கிழமைதான். உம் மெட்ரோ வண்டி கிழக்கிலிருந்து, என் வண்டி துவாரகாவிலிருந்து. இரண்டு பேரும் ஒரே ஸ்டேஷனில் இறங்கி மாறுவோம். நான் மாறிப் போய் நூலகத்தில் உமக்காக நாற்காலி போட்டு வைத்திருந்தேன். நீர் அந்த ஸ்டேஷனில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டிருக்கிறீர். அதோடு சரி. உம் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் என்னுடையது என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உம் மகளுக்குச் சொன்னவன் நான். "என்ன ஏன் கூப்பிடல?" என்பதுதான் அவள் முதலில் கேட்டது. மறுபடி மறுபடி அதையே கேட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த உம்முடைய துணிப்பை. இளைத்திருந்தாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தக் கடிதத்தைக்கூட யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும்.

"அங்கிள், அண்ணா சொல்றான், அப்பா கடைசி வரைக்கும் என்மேல கோவமாதான் இருந்தார்னு. 'அவ வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்'னு அவன்கிட்ட போன்ல சொன்னாராம். கீழ்வீட்டு ஆன்ட்டி சொல்றாங்க, 'பேட்டி கே கர் ஜா ரஹா ஹூன்'னு, பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பினாராம். நீங்களும் அப்பாவும் எப்பப் பாத்தாலும் இதைத்தானே பேசுவீங்க, யாரு சொல்றது நிஜம், யாரு சொல்றது ஜூட்னு. எனக்குச் சொல்லுங்க. அப்பா என் வீட்டுக்கு வந்துட்டிருந்தாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, சொல்லித் தொலையுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு வார்த்தையில் அந்தப் பெண் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் உம் பெண் ஆயிற்றே. கேட்டுக்கொண்டு போய், நாலு நாள் கழித்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று திரும்பி வந்து நின்றால் நான் என்ன சொல்வேன்? நான் அவளிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

உம் மகன் சொன்னதை முதலில் எடுத்துக்கொண்டேன். அவன் அமெரிக்காவில் இருந்தான். எப்போது சொன்னான்? காரியத்தன்று, இரண்டு வருடமாக அப்பாவைப் பார்க்க ஏன் வரவில்லை என்று உம் தங்கை எல்லோர் முன்னாலும் அவனைக் கேட்டபோது. "பக்கத்துல இருக்கிறவ என்ன பண்ணினா?" என்று ஆரம்பித்துத்தான் அந்த வாசப்படிக் கதையைச் சொன்னான். பொய் என்று சொல்லவில்லை, நீர் அப்படிப் பேசக்கூடியவர்தான். ஆனால் அது நீர் எங்கே போனீர் என்று சொல்ல வந்த பேச்சு இல்லை. அந்தப் பெரிய அதிகாரியின் குறிப்பு மாதிரி, வேறொரு கேள்விக்குப் பதில்.

கீழ்வீட்டு அம்மாள் நல்லவர். ஆனால் உம்மை வீட்டில் கிடத்தியிருந்தபோது நானே அவரிடம் கேட்டேன். நமஸ்தே சொல்லிவிட்டுப் பையோடு போனார், அவ்வளவுதான் என்றார். பத்தாம் நாள் உம் மகள் அழுததைப் பார்த்தபிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. பாசத்தில் கூடியது. கூடியது கூடியதுதான்.

பிறகு அந்த ஸ்டேஷனுக்குப் போய், உமக்குத் தண்ணீர் கொடுத்த காவல்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். ஹரியானாப் பக்கத்துப் பெண். "பாபுஜி தண்ணீர் கேட்டார். ஐந்தே நிமிஷத்தில் எழுந்து போய்விடுவேன் என்றார். அப்புறம் பேசவில்லை. நான் உடனே ஆளைக் கூப்பிட்டேன்" என்றாள். எங்கே போகிறேன் என்று சொன்னாரா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "நஹீன். சொல்லவில்லை" என்றாள். நான் இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தேன், அதே பதில். உம் கான்ஸ்டபிள் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவளுக்குத் தெரியவில்லை. லோதி ரோட்டுக்கும் குர்காவ்னுக்கும் அங்கிருந்து ஒரே வண்டிதான். நீர் எந்தப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தீர் என்று தெரிந்தாலும் பிரயோஜனம் இல்லை.

நான்காவது சாட்சி ஒன்று உண்டு, அது நான். வியாழக்கிழமை என்றால் நீர் என்னைப் பார்க்கத்தான் வருவீர் என்று அடித்துச் சொல்லலாம். அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்ததும், அந்தச் சாட்சியை நானே தள்ளி வைத்தேன். கடைசியாக நீர் புறப்பட்டது எனக்காக என்று இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

மிஞ்சியது பை. அடுத்த ஞாயிறு அவளும் நானும் உம் வீட்டு மேஜையில் அதைக் கொட்டினோம். குரங்குக் குல்லா, கண்ணாடிக் கூடு, பென்சில், வழக்கமான ஜெராக்ஸ் தாள்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளிக்காய்ச்சல். ஜெராக்ஸைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "நூலகத்துக்குத்தான் அங்கிள்" என்றாள். நீர் மார்க்கெட்டுக்குப் போனாலும் அந்தத் தாள்கள் பையில் இருக்கும் என்றேன். அவள் கேட்கவில்லை. நான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடலை இல்லை.

அவள் மகனுக்கு, உம் பேரனுக்கு, வேர்க்கடலை ஆகாது. சின்ன வயதில் ஒரு தடவை ஒரே ஒரு பருப்பைத் தின்று தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். அதன்பிறகு அவள் வீட்டுக்குள் கடலையே நுழைந்தது இல்லை. ஆனால் எனக்கு அவசரம் கூடாது. கடலை தீர்ந்து போயிருக்கலாம். பல் கட்டியபிறகு நீர் கடலையை விட்டிருக்கலாம். எழுந்து சமையலறைக்குப் போனேன். அலமாரியில் உம்முடைய கடலை டப்பா, மேல்வரை இருந்தது. பக்கத்தில் நீர் உமக்காக எடுத்து வைத்துக்கொண்ட சின்ன பாட்டில், அதே நிறம், அதே கிளறல், மேலே முழுக்கக் கடலை. பேரனுக்கு உள்ளதை முதலில் எடுத்து மூடிவிட்டு, பிறகுதான் கடலையைக் கொட்டியிருக்கிறீர்.

இரண்டு பாட்டிலையும் அவள் முன் கொண்டுபோய் வைத்தேன்.

"உன் வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தாரான்னு எனக்குத் தெரியாதும்மா. என் கையில குடுத்து, 'அவகிட்ட சேத்துரும், நான் குடுத்தேன்னு சொல்லாதியும்'னு சொல்லவும் கூடியவர்தான். கோவம் போயிடுத்தான்னும் தெரியாது. அதை யாரும் பாக்கல. ஆனா இது உன் பையனுக்காகக் கிளறினது. எனக்கா இருந்தா இதுல கடலை இருக்கும். இது மட்டும் தெரியும்."

அவள் கடலை இல்லாத பாட்டிலைக் கையில் எடுத்தாள். மூடியை இன்னும் இறுக்கினாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன், உம்மிடம் என்ன வெட்கம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும் அங்கிள்" என்றாள். "ஆன்ட்டி சொன்னதைவிட இது நல்லா இருக்கு. இதை யாரும் எனக்காகச் சொல்லல."

அதைச் சொல்லும்போது உம்மைப் போலவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டாள்.

அன்றே பேரனுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாளாம். எனக்கும் நேற்று ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள், அதைத்தான் இன்று காலை சாப்பிட்டேன். எனக்காகச் செய்யாததை உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் கூட. உம் கடலை டப்பாவை அவள் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், அது முழுசாக என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த லண்டன்காரனை நான் விட்டுவிட்டேன். அவன் யாராக இருந்தால் நமக்கென்ன. டீத்தூள் வைத்திருந்தவளைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமைகளில் கடலை ஒரு பிடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இன்னும் நூலகத்துக்குப் போகிறேன். ஸ்டேஷனில் மாறும்போது உம் பெஞ்சில் சற்று உட்காருவேன். அந்தக் காவல்காரப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியும், தூரத்திலிருந்தே தலையசைப்பாள். போன வாரம் எழுந்து அவளிடம் போய், லோதி ரோட்டு நூலகத்துக்குப் போகிறேன், சாயங்காலம் நேரே வீடு, இன்று யார்மேலும் கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அச்சா அங்கிள்ஜி, நான் கேட்கவே இல்லையே" என்றாள்.

கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இப்போதெல்லாம் வீட்டிலும் சரி, வழியிலும் சரி, நானே சொல்லிவிட்டுப் போகிறேன்.